நாளுக்கு ஒரு சீட்டு: டாரட்டை அன்றாடப் பழக்கமாக்கும் வழி

குறி சொல்லப் பயன்படும் படச் சீட்டுகளான டாரட் சீட்டுக்கட்டை ஆர்வத்தோடு வாங்கும் பலர், 10 சீட்டுகளைக் குறிப்பிட்ட வரிசையில் பரப்பி வாசிக்கும் கெல்டிக் கிராஸ் போன்ற விரிப்பில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் விளக்கப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் களைத்துப்போய், சில வாரங்களிலேயே சீட்டுக்கட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். அதன் பிறகு பெரிய சங்கடம் ஏதாவது வந்தால்தான் அது வெளியே வருகிறது. கலங்கிய மனமோ, தான் விரும்புவதை அல்லது அஞ்சுவதை மட்டுமே அந்தப் படங்களில் காண்கிறது. சீட்டுகளோடு பழகுவதற்கு ஏற்றவை எந்தச் சங்கடமும் இல்லாத சாதாரண நாட்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நாளுக்கு ஒரு சீட்டும், பத்து நிமிடமும், ஒரு நோட்டும் போதும்.

புதியவர்கள் ரைடர்–வெய்ட் கட்டையோ, அதன் வழியில் வரையப்பட்ட ஒன்றையோ தேர்ந்தெடுப்பது நல்லது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் வழிகாட்டுதலில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைய, 1909ஆம் ஆண்டு லண்டனில் வெளியான கட்டு அது. மொத்தமுள்ள 78 சீட்டுகளில், மரணம், கோபுரம் போன்ற தனிப் பெயர் கொண்ட 22 சீட்டுகள் மேஜர் அர்கானா. மீதி 56 சீட்டுகளான மைனர் அர்கானா, கோல்கள், கோப்பைகள், வாள்கள், நாணயங்கள் என்ற நான்கு பிரிவுகளில் 14 வீதம் அமைந்தது. பழைய மார்செய் வகைக் கட்டுகளின் எண் சீட்டுகளில் அந்தந்த எண்ணிக்கையில் கோப்பைகளோ வாள்களோ மட்டுமே இருக்கும். ஸ்மித் அவற்றை முழுக் காட்சிகளாக மாற்றினார். பார்த்துப் பழகுகிறவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிய உதவி, ஏனெனில் பொருளை மனப்பாடம் செய்வதற்கு முன்பே படம் பேசத் தொடங்கிவிடுகிறது.

காலையில் ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக நேரம் ஒதுக்க நினைத்தால் அந்த நேரம் வருவதேயில்லை. கட்டும் நோட்டும் பேனாவும் ஒரே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டாரட் சீட்டுகள் சாதாரண விளையாட்டுச் சீட்டுகளைவிடப் பெரியவை என்பதால், கைக்குள் அடக்கிக் கலைக்க முடியாதவர்கள் மேசைமேல் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கைகளாலும் கலைத்துத் திரும்ப அடுக்கலாம். பட்டுத்துணி, மெழுகுவத்தி, ஊதுவத்தி போன்றவை மனத்தை ஒருமுகப்படுத்துமானால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவை இல்லாத நாளில் பழக்கம் நின்றுவிடும் அளவுக்கு அவற்றைச் சார்ந்திருக்க வேண்டாம்.

சீட்டை எடுப்பதற்கு முன் கேட்கும் கேள்வியில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. “இன்று எனக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டால், நாள் முழுவதும் நடப்பவற்றைச் சீட்டோடு பொருத்திப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. “இன்று நான் எதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும்?”, “இன்றைய கூட்டத்தில் எந்த மனநிலையோடு உட்கார வேண்டும்?” என்பவை உங்கள் கையில் இருப்பதைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு எந்தச் சீட்டு வந்தாலும் செய்வதற்கு ஏதாவது கிடைக்கும்.

சீட்டைத் திருப்பியவுடன் புத்தகத்தைத் திறக்காதீர்கள். குறைந்தது ஒரு நிமிடம் படத்தையே பாருங்கள். ‘நான்கு கோப்பைகள்’ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தடியில் ஒருவன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே புல்தரையில் மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து நீளும் ஒரு கை நான்காவது கோப்பையை அவனிடம் நீட்டுகிறது. அவனோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புத்தகம் இதற்குச் சலிப்பு, அதிருப்தி என்று பொருள் சொல்லும். ஆனால் உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று? கட்டிய கைகளிலா, நீட்டிய கோப்பையிலா? உடன் வேலை செய்பவர் உதவட்டுமா என்று கேட்டபோது, தலையை நிமிர்த்தாமலே வேண்டாம் என்று சொன்ன நேற்றைய மதியம் அந்தக் கைகளைப் பார்த்ததும் நினைவுக்கு வரலாம். அந்த நினைவுதான் அன்றைய வாசிப்பு. புத்தகத்தின் பொருளை அதன் பிறகு பார்த்து, பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

நோட்டில் தேதி, சீட்டின் பெயர், கேள்வி, கண்ணில் பட்டது, இன்று செய்ய நினைப்பது ஆகியவற்றை மூன்று நான்கு வரிகளில் எழுதுங்கள். இரவில் அதே பக்கத்தைத் திறந்து, நாள் எப்படிப் போயிற்று என்று ஒரு வரி சேருங்கள். காலை வரிகளைவிட இந்த இரவு வரியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். நடந்ததற்கு ஏற்பச் சீட்டின் பொருளை வளைத்துக்கொள்வது மனித இயல்பு. காலையில் எழுதியது கண்முன் இருந்தால் அப்படி வளைக்க முடியாது. சீட்டு அன்றைய நாளோடு சற்றும் பொருந்தவில்லை என்றால், “பொருந்தவில்லை” என்றே எழுதுங்கள்.

எடுத்த சீட்டை அன்றே சீட்டுக்கட்டில் சேர்த்துக் கலைத்தால், 78 சீட்டுகளையும் ஒரு முறையாவது பார்த்து முடிக்கச் சராசரியாக 385 நாட்கள் ஆகும். ஓராண்டு கடந்தும் சில சீட்டுகள் அறிமுகமே ஆகாமல் இருக்கும். ஆகவே முதல் சுற்றில் மட்டும் எடுத்த சீட்டுகளைத் தனியே வைத்துவிடுங்கள். 11 வாரமும் ஒரு நாளும் கழிவதற்குள் முழுக் கட்டும் கைக்குப் பழகிவிடும். அடுத்த சுற்றிலிருந்து சேர்த்தே கலைக்கலாம். அப்போது சில சீட்டுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு வியக்கவோ கலங்கவோ வேண்டாம்: 11 நாட்களில் ஏதாவது ஒரு சீட்டு இரண்டாம் முறை வருவதற்கான வாய்ப்பே பாதிக்கு மேல். திரும்பி வந்த சீட்டின் உண்மையான பயன், முன்பு அதைப் பற்றி எழுதியதையும் இன்று எழுதுவதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது.

மரணம், கோபுரம் போன்ற சீட்டுகள் வரும் காலைகளில் பலருக்கு இன்னொன்றை எடுத்துப் பார்க்கத் தோன்றும். எடுக்காதீர்கள். மனத்துக்குப் பிடித்த சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் அது வாசிப்பாகாது. மரணச் சீட்டை அருகில் வைத்து நிதானமாகப் பாருங்கள்: வெள்ளைக் குதிரைமேல் வரும் எலும்புக்கூட்டுக்குப் பின்னால், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கதிரவன் இருக்கிறான். எதை முடித்துவைக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அன்று கேட்டுப் பார்க்கலாம். தலைகீழாக வரும் சீட்டுகளுக்கு வேறு பொருள் கொள்ளும் வழக்கம் உண்டு. முதல் சுற்றில் அதைச் சேர்க்க வேண்டாம், நேராகத் திருப்பி வைத்தே வாசியுங்கள்.

15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்த டாரட், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் குறி சொல்லும் கருவியாகப் பெயர் பெற்றது. அது வருங்காலத்தை அறிவிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நோய், வழக்கு, கடன், முதலீடு ஆகியவற்றுக்கு உரியவர்களிடமே போக வேண்டும். அதேபோல, இன்னொருவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் சீட்டில் தேடுவதையும் விட்டுவிடுங்கள். அவரிடமே கேட்பது நேர்மை.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு சீட்டு எடுத்து ஈடுகட்ட வேண்டாம், தேதியை விட்டுவிட்டுத் தொடருங்கள். பயணத்தில் கட்டைக் கொண்டுபோக முடியாவிட்டால் கைப்பேசிச் செயலியில் ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நோட்டில் எழுதுவதை விட வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் அந்த ஏழு பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள். வாள் சீட்டுகள் வந்த நாட்களில் எல்லாம் ஒரே கவலையைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பது போன்றவை அப்போதுதான் தெரியவரும். முதல் சுற்று முடிந்ததும், “பொருந்தவில்லை” என்றோ “புரியவில்லை” என்றோ எழுதிய சீட்டுகளைத் தனியே பிரித்தெடுத்து, மூன்று சீட்டு விரிப்புகளுக்குப் போவதற்கு முன் அவற்றை மட்டும் கலைத்து, இன்னொரு முறை நாளுக்கு ஒன்றாகப் பாருங்கள்.