தொக்குக் கையோடு கெட்சப் கிண்டினால்

எங்கள் வீட்டில் முதல்முறை தக்காளி கெட்சப் கிண்டிக்கொண்டிருந்தபோது மாமியார் அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எண்ணெயே விடலையே, இது எப்படிம்மா கெடாம இருக்கும்?" என்றார். "இதுக்கு எண்ணெய் கிடையாது அத்தை" என்று பெரிய விவரம் தெரிந்தவள்போலச் சொன்னேன். ஐப்பசி மாதம், வெளியே அடைமழை. பத்து நாள் கழித்துப் பாட்டில் மூடியைத் திருகினால் புஸ்ஸென்று சத்தம். கெட்சப் நுரைத்துக்கொண்டு கையில் வழிந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படித் துணியை மட்டும் எடுத்து நீட்டினார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் தக்காளி மலிந்தால் முதலில் நினைவுக்கு வருவது தொக்குதான். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வதக்கி, உப்பும் புளியும் காரமும் தூக்கலாகப் போட்டு ஜாடியில் எடுத்து வைப்போம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், மற்றதை உப்பும் புளியும் பார்த்துக்கொள்ளும். கெட்சப்புக்கு அந்த எண்ணெய்ப் போர்வை இல்லை. வினிகரின் புளிப்பு, தண்ணீரை வற்றவைத்தது, கொதிக்கக் கொதிக்கப் பாட்டிலில் அடைத்தது, இந்த மூன்றும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. நானும் எனக்குத் தெரிந்தவர்களும் செய்த தவறுகளை இப்போது யோசித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் தொக்கு கிண்டிப் பழகிய கை செய்தவை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். தக்காளி 2 கிலோ, சர்க்கரை 120 கிராம், உப்பு 15 கிராம், வினிகர் 60 மில்லி, நடுத்தர வெங்காயம் ஒன்று, பூண்டு ஐந்தாறு பல், சின்ன இஞ்சித் துண்டு, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி. துணி முடிச்சில் கட்ட ஒரு துண்டுப் பட்டை, ஐந்து கிராம்பு, இரண்டு ஏலக்காய், பத்து மிளகு. இவ்வளவுக்கும் கிடைப்பது அரை கிலோவுக்குச் சற்று மேலே.

"ரெண்டு கிலோவுக்கு இவ்வளவுதானா?" என்று தோன்றும். தக்காளியில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர், என்ன செய்வது? இந்த ஏமாற்றத்தில்தான் பலர் சோள மாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அன்றைக்குக் கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் இருந்தால் மாவு தண்ணீரைக் கக்கிவிடும், அடியில் கஞ்சியும் மேலே சிவப்புத் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். மாவு சேர்த்தால் பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே தண்ணீர் அப்படியே இருப்பதால் கெட்டுப்போகிற வேகம் குறையாது. கடையில் கெட்சப் என்று விற்பதற்கே, கரைந்த திடப்பொருள் 25 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று இந்திய உணவுத் தர விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது, ஆனால் வடிகட்டிய சாறு மூன்றில் ஒரு பங்காகச் சுண்டினால் ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்துவிடும்.

பழம் வாங்கும்போது

நெல்லுக்கென்றே வாய்த்த இந்தக் களிமண்ணில் தக்காளி பெரிதாக விளைவதில்லை. கொள்ளிடக் கரையோரப் படுகைகளில் காய்கறி போடுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி நமக்கு வரும் பெட்டிகள் ஒட்டன்சத்திரம், கிருஷ்ணகிரி என்று வெளியூர்ச் சரக்கு. கடையில் நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ரசத்துக்கும் தொக்குக்கும் நாட்டுத் தக்காளியைத் தேடி எடுக்கும் கை கெட்சப்புக்கும் அதையே எடுக்கிறது. புளிப்பும் மணமும் அதில்தான், மறுக்கவில்லை. ஆனால் முழுக்கவே சாறு. அதை மட்டும் போட்டுச் சுண்டவைத்தால் கேஸ்தான் தீரும். சதைப்பற்றான பெங்களூர்த் தக்காளி முக்கால் பங்கு, நாட்டுத் தக்காளி கால் பங்கு என்று கலப்பதே எனக்குச் சரியாக வருகிறது.

காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்த காயைச் சேர்க்காதீர்கள். அந்தப் பச்சை நிறம் கொதியில் பழுப்பாக மாறி மொத்தத்தையும் மங்கலாக்கும். இரண்டு நாள் கூடையில் பரப்பி வைத்தால் தானே சிவந்துவிடும். கடைச் சிவப்பு வர வேண்டும் என்று பீட்ரூட் போடுகிறவர்களும் உண்டு. தக்காளியின் சிவப்பு சூட்டுக்கு ஈடுகொடுக்கும், பீட்ரூட்டின் சிவப்பு கொடுக்காது. ஒரு மணி நேரம் கொதித்தால் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் கூறுகட்டி மலிவாகத் தரும் நசுங்கலை, "கெட்சப்புக்குத்தானே" என்று வாங்கி வருவது. பழம் மிஞ்சிப் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறையும். பூசணம் பிடித்தால் இன்னும் குறையும். நமக்கோ புளிப்புதான் காவல். லேசாக அடிபட்டதை அன்றைக்கே சமைத்தால் பரவாயில்லை. அழுகியது, பூசணம் பூத்தது என்றால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போட வேண்டாம்.

பித்தளை வேண்டாம்

கும்பகோணத்துப் பக்கத்து வீடுகளில் பாத்திரத்துக்குக் குறைவே இல்லை. அகலமான பித்தளைத் தவலையோ வெண்கல உருளியோ பரணில் இருக்கும். அகல வாய் என்றால் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பதால் அதை இறக்கத் தோன்றும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் ஏன் பளபளக்கிறது என்று யோசியுங்கள். புளிப்பு, செம்பில் ஏறிய களிம்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதே வேலையைத் தக்காளியும் வினிகரும் ஒரு மணி நேரம் கொதித்துக்கொண்டே செய்தால், கரைந்ததெல்லாம் கெட்சப்புக்குள்தான் போகும். ஈயம் பூசிய பாத்திரத்தையும் நம்ப முடியாது, பூச்சு எங்கே தேய்ந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் இதற்கு ஆகாது. அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். ரசத்தில் தண்ணீர் இருப்பதால் தப்பிக்கிறது, கெட்டியான விழுது அடிப்பிடித்தால் சொம்பே போய்விடும்.

அலுமினியமும் புளிப்போடு சேராது. இரும்பு வாணலியில் வேறு தொல்லை. கிராம்பிலும் பட்டையிலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது, அது இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பாட்டிலில் ஊற்றிய கெட்சப்பின் கழுத்துப் பக்கம் மட்டும் கறுப்பு வளையம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த மூடி, இரும்புக் கரண்டி, கிராம்புத் துவர்ப்பு, மேலே இருக்கும் காற்று எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. இதற்காகத்தான் கிராம்பின் தலையில் இருக்கும் சின்ன மொட்டைக் கிள்ளிவிட்டு முடிச்சில் கட்டச் சொல்வார்கள். நானும் வெறும் சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன்.

அடி கனமான, அகலமான எவர்சில்வர் பாத்திரம் போதும்.

அடுப்பில்

தக்காளியை எல்லாம் நறுக்கி வைத்துவிட்டு, சீரியல் முடிந்ததும் அடுப்பில் ஏற்றலாம் என்று உட்காராதீர்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கும் வெகுநாள் தெரியாது. பழத்தைக் கெட்டியாக வைத்திருப்பது பெக்டின் என்ற பசைச் சத்து. நறுக்கியதும் பழத்துக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அதைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். நன்றாகச் சூடானால்தான் அவை அடங்கும். பச்சையாக மிக்ஸியில் அடித்து, ஆற அமர அடுப்பேற்றிய கெட்சப் எவ்வளவு சுண்டினாலும் தண்ணீர் பிரிவது இதனால்தான். பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, நறுக்க நறுக்கச் சூட்டிலேயே போட்டுக்கொண்டே வாருங்கள். தக்காளி ஆலைகளிலும் கெட்டியான விழுது வேண்டுமென்றால் நசுக்கியவுடன் சூடேற்றிவிடுவார்கள்.

வெங்காயம், பூண்டு, இஞ்சியை வதக்க வேண்டாம், தக்காளியோடு சேர்ந்து வேகட்டும். குழைந்ததும் மிக்ஸிக்குப் போகாமல் நேரே சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். விதையோடு அரைத்தால் லேசான கசப்பு வரும். மிக்ஸி காற்றையும் சேர்த்து அடிப்பதால் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகத் தெரியும். தோலைச் சல்லடையில் விடுவது வீணாயிற்றே என்று மனசு கேட்காதவர்கள் அதைத் துவையலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி சுண்டவைப்பது. சர்க்கரை முழுவதையும் தொடக்கத்திலேயே கொட்டினால் நிறம் கறுக்கும், அடியும் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கை முதலில் போட்டு, மீதியைச் சாறு பாதியாக வற்றிய பிறகு போடுங்கள். உப்பு கடைசிக்கு முந்திதான். தொக்குக் கைக்கு இது கஷ்டம், உப்பு போட்டுத்தானே வதக்கிப் பழக்கம். ஆனால் மூன்று பங்கு ஒன்றாகச் சுண்டும்போது உப்பும் அதே அளவுக்கு ஏறிவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், கெட்சப் பழுப்பாகிப் பானக வாசனை அடிக்கும். எனக்கு ஒத்துவரவில்லை.

மூடி போட்டுக் கொதிக்க வைத்தால் வற்றாது. திறந்து வைத்தால் எரிமலை மாதிரி தெறிக்கும். எண்ணெய் வடிக்கும் கம்பிவலைத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள், ஆவியும் போகும் கையும் பிழைக்கும்.

பதம் பார்ப்பதிலும் தொக்குக் கணக்கு உதவாது. பிரிந்து வர எண்ணெயே இல்லையே. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுங்கள். சுற்றிலும் நீர் வளையம் படர்ந்தால் இன்னும் ஆகவில்லை. வளையம் இல்லாமல் சொட்டு நின்றால் இறக்குகிற நேரம். பாத்திரத்தில் இருக்கும்போதே கடைக் கெட்சப் அளவுக்குக் கெட்டியாகும்வரை காத்திருந்தால், ஆறியதும் அது அல்வா.

புளிப்பில் விளையாடக் கூடாது

என் பாட்டில் நுரைத்ததற்குக் காரணம் இங்கேதான். வினிகரைத் தக்காளியோடு தொடக்கத்திலேயே ஊற்றியிருந்தேன். வினிகரின் புளிப்பு அசெட்டிக் அமிலம், அது ஆவியாகிற ஜாதி. முக்கால் மணி நேரம் கொதித்ததில் நல்ல பங்கு சமையலறை முழுக்க மணந்ததோடு சரி. பதம் வந்த பிறகு ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கொதிக்கவிட வேண்டும்.

"வினிகர் எதுக்கு, புளி இருக்கே, எலுமிச்சை இருக்கே" என்பதும் அடிக்கடி கேட்பதுதான். சுவைக்குத் தாராளமாகப் போடலாம், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். பூசணத்தையும் நொதிப்பையும் தடுப்பதில் வினிகருக்கு இருக்கும் வலு அவற்றுக்கு இல்லை. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும், அதில் 4.6 என்பது ஓர் எல்லை. அதற்குக் கீழே இருந்தால், காற்றில்லாத பாட்டிலுக்குள் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் என்ற பாக்டீரியா தலையெடுக்காது. தக்காளி அந்த எல்லையை ஒட்டியே இருக்கும், சில பழங்கள் தாண்டியும் போகும். அதனால் இனிப்பையோ காரத்தையோ உங்கள் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கலாம், வினிகரைக் குறைக்காதீர்கள். சர்க்கரை காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஜாமில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, அது நிற்கும். கெட்சப்பில் இருப்பது அதில் பாதிகூட இல்லை.

சோடியம் பென்சோயேட் போடலாமா? கால் கிராம் கணக்கில் அளந்து போடுகிற பொருள் அது. வீட்டுத் தராசு அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது, சிட்டிகைக் கணக்கில் போடுவதும் சரியில்லை. அரை கிலோ கெட்சப்புக்கு அது தேவையும் இல்லை.

இடையில் ஒரு சேதி. கெட்சப் என்ற பெயர் தென் சீனத்து ஹொக்கியன் மொழியில் மீன் சாற்றுக்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். தக்காளி அதில் சேர்ந்தது பிற்பாடு. 1812இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மீஸ் என்பவர் தக்காளி வைத்துச் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். நாகப்பட்டினத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அப்ப கருவாட்டுக் குழம்புக்குச் சொந்தம்னு சொல்லுங்க" என்பார்கள்.

பாட்டிலில் அடைப்பது

ஆறிய பிறகு அடைக்கலாம் என்பது ஊறுகாய்ப் பழக்கம். கெட்சப்பை அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்ற வேண்டும், அந்தச் சூடே பாட்டில் கழுத்துவரை கிருமியைக் கொல்லும். கண்ணாடிப் பாட்டிலையும் மூடியையும் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே நிரப்புங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். காலியான பிளாஸ்டிக் சாஸ் பாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனால் கொதிக்கிற விழுதைத் தாங்காமல் கோணிக்கொள்ளும். வெயிலில் காயவைத்துவிட்டேன், போதாதா என்றால், ஆடியில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் துணியே காய்வதில்லை.

ஒரே பெரிய பாட்டிலுக்குப் பதில் இரண்டு மூன்று சின்னப் பாட்டில்களாக நிரப்புங்கள். வாழைக்காய் பஜ்ஜி போடுகிற அன்று ஒன்றைத் திறந்தால் மற்றவை மூடியபடி இருக்கும். எல்லாமே குளிர்சாதனப் பெட்டியில்தான், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரக்கரண்டி கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை, நீங்களே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சத்தம் வந்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். மேலே பூசணம் பூத்திருந்தால், ஊறுகாய்க்குச் செய்வதுபோல அந்த இடத்தை வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருப்பதை எடுக்காதீர்கள். மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் பாட்டிலை மட்டும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.