விலையைக் கேட்காமல் குதிரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

பெங்களூரில் நடந்த கோடைக்காலப் பந்தயங்களுக்கு என் அக்காள் மகனையும் அவனுடைய நண்பர்கள் இருவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். மூவரும் படித்தவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால் முதல் நான்கு பந்தயங்களுக்குள், கிண்டியில் நான் இளைஞனாக இருந்தபோது செய்த பிழைகளை ஏறத்தாழ அதே வரிசையில் அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். அன்று இரவு ரயிலில் திரும்பும்போது எடுத்த குறிப்புகளே இக்கட்டுரை. பெயர் பிடித்திருப்பதால் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுப்பது, கடன் வாங்கிப் பந்தயம் கட்டுவது போன்றவை தவறு என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கடைசி ஓட்டத்தின் எண்ணை மட்டும் படிப்பது

ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் நேராக, முந்தைய ஓட்டங்களில் அது பெற்ற இடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். புதியவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்த எண்களே. கடைசியாக முதலிடம் பெற்ற குதிரை நல்லது என்றும், ஐந்தாம் இடம் பெற்றது வேண்டாம் என்றும் அவர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்.

நம் நாட்டில் பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் முறையில் நடைபெறுகின்றன. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறனைக் குறிக்கும் மதிப்பெண் உண்டு. 20 முதல் 45 வரை, 40 முதல் 65 வரை, 60 முதல் 85 வரை என்று குதிரைகளை வகுப்புகளாகப் பிரித்து, ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் எடையை ஏற்றுகிறார்கள். வென்ற குதிரையின் மதிப்பெண் உயர்த்தப்படும். ஆகவே அடுத்த முறை அது கூடுதல் எடையைச் சுமக்க வேண்டியிருக்கும், அல்லது தன்னைவிடத் திறன் மிக்க குதிரைகள் உள்ள மேல் வகுப்பில் ஓட வேண்டியிருக்கும். மேல் வகுப்பில், நல்ல குதிரைகளுக்கு இரண்டு குதிரை நீளம் பின்னால் ஐந்தாவதாக வந்து, இன்று கீழ் வகுப்புக்கு இறங்கியிருக்கும் குதிரையோ புத்தகத்தில் வெறும் 5 என்ற எண்ணாகவே தெரியும்.

என் மருமகன் இரண்டாவது பந்தயத்தில் தேர்ந்தெடுத்த குதிரை, பயிற்சி ஜாக்கிக்குரிய எடைச் சலுகையுடன் 1200 மீட்டரில் வென்றிருந்தது. அன்று அது வகுப்பு உயர்ந்து, எடைச் சலுகை இல்லாமல், 1600 மீட்டர் ஓட வேண்டியிருந்தது. கடைசி 300 மீட்டரில் அதன் வேகம் கண்கூடாகக் குறைந்தது. எந்த வகுப்பில், எந்தத் தூரத்தில், எவ்வளவு எடையுடன் பெற்ற வெற்றி என்ற மூன்றையும் பார்க்காமல் அந்த 1 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

விலையைக் கேட்காமல் தேர்ந்தெடுப்பது

விலை என்பது, குதிரை வென்றால் நாம் கட்டிய ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் லாபம் என்னும் கணக்கு. நான் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு அதைக் கேட்காமல் தேர்ந்தெடுப்பது. முதல் தவறு ஒரு பிற்பகலில் திருந்திவிடும். இதுவோ சரியாகக் கணிக்கத் தெரிந்த ஒருவரையும் ஆண்டுக்கணக்கில் தோற்கடிக்கும், தோற்பதற்கான காரணத்தையும் அவருக்குக் காட்டாது.

கிண்டியில் ஒரு பருவம் முழுவதும் என் தேர்வுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். 90 பந்தயங்களில் 31 குதிரைகள் வென்றிருந்தன. மூன்றில் ஒன்றுக்கும் மேல் சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். கையிலிருந்த பணமோ பருவத்தின் தொடக்கத்தில் இருந்ததைவிட மிகவும் குறைந்திருந்தது. பல மாதங்கள் கழித்து, ஒவ்வொரு வெற்றிக்கும் எனக்குக் கிடைத்த தொகையை அருகில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது: நான் வென்றவற்றில் பெரும்பாலானவை, நூறு ரூபாய்க்கு எண்பது ரூபாயோ அதற்கும் குறைவாகவோ லாபம் கொடுத்த பேவரிட் குதிரைகள், அதாவது வெல்லும் என்று பலரும் பணம் கட்டியவை.

கணக்கு எளிமையானது. நூறு ரூபாய்க்கு எண்பது ரூபாய் லாபம் தரும் குதிரை, நூறு ஓட்டங்களில் ஏறத்தாழ 56 முறை வென்றால்தான் போட்ட பணம் திரும்பும். அக்குதிரைக்குச் சரிபாதி வாய்ப்பு இருப்பதாக நீங்கள் நம்புகிறீர்கள் என்றால், உங்கள் நம்பிக்கை முற்றிலும் சரியாக இருந்தாலும், இப்படிப்பட்ட பத்துப் பந்தயங்களில் ஐந்து வெற்றிக்கு 400 ரூபாய் பெற்று, ஐந்து தோல்விக்கு 500 ரூபாய் இழப்பீர்கள். அதே பந்தயத்தில் ஒன்றுக்கு ஐந்து என்ற விலையில் நிற்கும் இன்னொரு குதிரைக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால், பத்தில் எட்டு முறை தோற்று 800 ரூபாய் இழந்தாலும், இரண்டு வெற்றிகள் 1000 ரூபாய் தரும். வெல்லக்கூடிய குதிரை முதலாவதுதான் என்பதில் ஐயமில்லை, ஆனால் பணம் போடத் தகுந்தது இரண்டாவதே.

இதைச் சொன்னவுடன் புதியவர்கள் மறுகோடிக்கு ஓடிவிடுகிறார்கள். விலை பெரியதாக இருந்தால் போதும் என்று எண்ணி, விலைப் பலகையில் கடைசியாக நிற்கும், வெல்லும் வாய்ப்புக் குறைந்த அவுட்சைடர் குதிரைகளைத் தேடுகிறார்கள். அவர்கள் மேற்கோள் காட்டும் பெயர் பெரும்பாலும் ஃபாய்னாவன். 1967-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எய்ன்ட்ரீயில் நடந்த கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் அது வென்றபோது பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளின் விலை ஒன்றுக்கு நூறு, டோட் என்னும் பொதுக் குவியலில் கிடைத்ததோ ஒன்றுக்கு 444. ஆனால் அது வென்ற விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 23-ஆவது தடையருகே ஜாக்கி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை குறுக்கே திரும்பியதால், முன்னால் ஓடிய குதிரைகள் ஒன்றன்மீது ஒன்று மோதி நின்றன. வெகு பின்னால் வந்த ஃபாய்னாவனுக்கு மட்டும் வழி தேடிக் கடக்க நேரம் கிடைத்தது. முப்பது தடைகளைத் தாண்டும் பந்தயத்தில் நடந்த அந்த விபத்தை, தடையே இல்லாத பெங்களூரு ஓடுபாதையில் எதிர்பார்த்துப் பணம் கட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.

அந்த வெற்றியிலிருந்து கற்க வேண்டியது, ஒரே குதிரைக்கு ஒரே பந்தயத்தில் இரண்டு விலைகள் இருந்தன என்பதைத்தான். புக்கியிடம் நீங்கள் ஒப்புக்கொண்ட விலை மாறாது. டோட்டிலோ எல்லோருடைய பணமும் ஒரே குவியலாகச் சேர்ந்து, கழிவுகளும் வரியும் போன பிறகு வென்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. ஆகவே பலகையில் நீங்கள் பார்க்கும் எண் கடைசி நிமிடத்தில் வரும் பணத்தால் மாறிவிடும்.

பொதுவாகவே அவுட்சைடர்கள் தகுதிக்கு மீறிய ஆதரவைப் பெறுகின்றன. அமெரிக்கப் பந்தய முடிவுகளை ஆராய்ந்த கிரிஃபித் என்னும் உளவியலாளர் இதை 1949-இலேயே எழுதினார். ஒன்றுக்கு 33 தரும் குதிரை 34 ஓட்டங்களில் ஒருமுறை வென்றால்தான் போட்ட பணம் திரும்பும். நூறில் ஒருமுறை வெல்லும் குதிரைக்கு அந்த விலை மிகக் குறைவானது, அது எவ்வளவு பெரிய எண்ணாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும்.

குதிரைப் பந்தயத்தைத் தடை செய்து தமிழ்நாடு 1974-இல் இயற்றிய சட்டம் தொடர்பான வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் இது பெருமளவு திறன் சார்ந்த போட்டி என்று கூறியது. குதிரையை அறிவதில் திறன் உண்டு என்பதை நானும் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அத்திறனைப் பணமாக மாற்றுவதற்கு விலையை அறியும் திறனும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் இத்துறையின் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்துவிட்ட நிலையில், குறைந்த விலைக்குப் பணம் கட்டும் பழக்கம் முன்னைவிடக் கொடிய இழப்பைத் தரும்.

இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, பலகையைப் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதி, அவற்றின் கூட்டுத்தொகை சரியாக நூறு வருமாறு திருத்துவது. அன்று மூன்றாவது பந்தயத்துக்கு மருமகனை எழுதச் சொன்னபோது அவன் எண்களின் கூட்டுத்தொகை 140 வந்தது. “எல்லாமே நல்லா ஓடும்னு தோணுது மாமா” என்றான். நாற்பதைக் குறைக்க அவன் பட்ட பாட்டில்தான், தனக்கு உண்மையில் எந்தக் குதிரைகள் மீது நம்பிக்கை இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. புக்கியின் விலைகளையும் இப்படியே நூற்றுக்கு எத்தனை என்று மாற்றிக் கூட்டிப் பாருங்கள். ஆறு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் சமவிலை (ஒன்றுக்கு ஒன்று) 50, ஒன்றுக்கு மூன்று 25, ஒன்றுக்கு நான்கு 20, ஒன்றுக்கு ஒன்பது இரண்டு குதிரைகளுக்குப் பத்துப் பத்து, ஒன்றுக்குப் பத்தொன்பது 5 என்றால் மொத்தம் 120. மிகுதியான இருபது புக்கியின் பங்கு. உங்கள் எண் அவருடைய எண்ணைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்கும் குதிரை ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பந்தயத்தை வேடிக்கை மட்டும் பாருங்கள்.

விலகல்களைக் கவனிக்காதது

ஒரு குதிரை விலகினால், அதற்கு நீங்கள் எழுதிய எண்ணை மற்றவற்றுக்குப் பகிர்ந்து, கணக்கை முதலிலிருந்து போடுங்கள். விலகலால் உள்ளே வரும் குதிரையையும் பட்டியலில் சேருங்கள்: 2022 கென்டக்கி டெர்பியில் முந்தைய நாள் ஒரு குதிரை விலகியதால் இடம் பெற்ற ரிச் ஸ்டிரைக், ஒன்றுக்கு எண்பது விலையில் வென்றது.

ஜாக்பாட்டிலும் டனாலாவிலும் தொடங்குவது

ஜாக்பாட் என்பது தொடர்ந்து பல பந்தயங்களில் வெல்லும் குதிரைகளையும், டனாலா என்பது ஒரே பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் சொல்வது. ஒரு பந்தயத்தை ஒழுங்காகக் கணிக்கும் வரை இவை வேண்டாம்.

பேடக்கில் காதில் விழும் செய்தி

ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் இடமே பேடக். அங்கே கேட்கும் செய்தி உங்கள் காதுக்கு வரும் முன் விலையில் ஏறியிருக்கும்.

கடைசிப் பந்தயம்

மெக்ளாத்லின் என்னும் ஆய்வாளர் 1956-இல், அன்றைய கடைசிப் பந்தயத்தில் பேவரிட் குதிரைகள் தகுதிக்குக் குறைவான ஆதரவையே பெறுகின்றன என்று எழுதினார். நாள் முழுவதும் இழந்ததை ஒரே ஓட்டத்தில் மீட்க விரும்புவோர் பெரிய விலைகளை நாடுவதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன், ஏனெனில் நானும் அப்படி நாடியிருக்கிறேன். மருமகனும் அன்று கடைசியில் ஒன்றுக்கு நாற்பது விலையில் நின்ற குதிரைக்கு மீதிப் பணம் முழுவதையும் கட்டப் போனான். தடுக்காமல், பலகையைப் பார்க்கும் முன் அதற்கு அவனே எழுதிய எண்ணை மட்டும் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். நூற்றுக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. டிக்கெட் வரிசையிலிருந்து விலகி வந்து என்னருகே நின்றுகொண்டு அந்தப் பந்தயத்தை இறுதிவரை பார்த்தான்.