பாங்காக்கில் இரண்டு இரவு: எந்த உணவகத்தில் டேபிள் புக் செய்வது?

இரண்டு இரவுதான் பாங்காக்கில் என்றால், பெரிய உணவகம் ஒன்று போதும். டேஸ்டிங் மெனு, அதாவது சமையற்கலைஞரே தேர்ந்து சிறுசிறு உணவாக வரிசையாகப் பரிமாறும் விருந்து, சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆகிவிடும். அடுத்தடுத்த இரவுகளில் இரண்டைச் சாப்பிட்டால், இரண்டாவதின் ருசி மனதில் நிற்காது.

மிஷெலின் என்ற உணவக வழிகாட்டி தரும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். அது தட்டில் வரும் உணவுக்குத் தரப்படுவது. உங்களுக்கு அது ஒத்துவருமா என்பதைச் சொல்லாது. தாய் உணவகங்களில் முதன்முதலாக மூன்று நட்சத்திரம் பெற்றது சோர்ன், அந்த வழிகாட்டியின் 2025 பதிப்பில். அங்கே தென் தாய்லாந்துச் சமையல்: கடல் உணவு, இறால் விழுது, நல்ல காரம். எனக்கு உயிர். ஆனால் என் மனைவி சுத்த சைவம், அதனால் அவளோடு போகும்போது சோர்ன் என் பட்டியலிலேயே இருக்காது. அப்போது நான் முதலில் விசாரிப்பது ‘கா’ உணவகத்தில். மிஷெலின் நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியப் பெண் சமையற்கலைஞர் கரிமா அரோராவின் இடம் அது. பழைய தாய் மர வீடு ஒன்றில் நடக்கிறது. நண்பர்களோடு என்றால் சைனாடவுனில் உள்ள போத்தோங். அதன் சமையற்கலைஞர் பாம் என்பவரின் குடும்பம் ஒரு காலத்தில் சீன மருந்துக்கடை நடத்திய கட்டடம். இதைச் சென்னையில் சாப்பிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தால், சோர்னும் போத்தோங்கும்தான் முன்னால் நிற்கும்.

சைவம் என்றால் புக் செய்யும்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள். வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்று எழுதாமல் மீன் சாஸ், இறால் விழுது, சிப்பி சாஸ் மூன்றும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்; தாய் சமையலில் காய்கறிப் பொரியலில்கூட இவை இருக்கும். வரும் பதிலை நன்றாகப் படியுங்கள். எந்த உணவுக்குப் பதில் எது வரும் என்று விவரமாக எழுதும் இடத்தை நம்பலாம். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று மட்டும் சொன்னால் நான் அடுத்த இடத்துக்கு எழுதிவிடுவேன்.

அப்புறம் விலை. மெனுவில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 7% வரியும் சேரும் என்று அர்த்தம். 6,000 பாட் என்று போட்டிருந்தால் பில்லில் 7,062 வரும். பானங்கள் தனி. எல்லா உணவகங்களையும் இந்த இறுதித் தொகையில் வைத்தே ஒப்பிடுங்கள். முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் திரும்பி வருமா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சுகும்வித் சாலையில் மாலை நேரத்தில் டாக்சியை நம்ப வேண்டாம். சோர்னுக்கு ப்ரோம் போங், ‘கா’வுக்குத் தோங் லோ, இரண்டும் பிடிஎஸ் ரயில் நிலையங்கள். போத்தோங்குக்கு எம்ஆர்டி மெட்ரோவில் வாட் மங்கோன் நிலையம்.

தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. மாலை 5.30 மணி ஸ்லாட் நம் வயிற்றுக்கு நான்கு மணி! போய் இறங்கிய அன்றைக்கே சாப்பிடுவதாக இருந்தால் எட்டு மணிவாக்கில் ஒரு டேபிள் கேளுங்கள், மதியம் ஒரு கிண்ணம் நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற இரவு சைனாடவுனின் யாவோராட் சாலைத் தெருக்கடைகளுக்கு. அதற்கு புக்கிங் தேவையில்லை.