பேட்டரியைத் தின்பது அனுப்புவதா, கேட்பதா?

கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நீர்மட்டம் பார்க்க லோரா நோடுகளை (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ உள்ள சிறு கருவிகள்) வரிசையாக வைப்பதாக வைத்துக்கொள்வோம். கரையில் கரண்ட் இழுக்க வழியிருக்காது. நோடுக்கு ஒரு 18650 லித்தியம் செல்தான் கதி.

செல் சீக்கிரம் இறங்கினால் பலரும் டிரான்ஸ்மிட் பவரில்தான் கைவைப்பார்கள். அதில் மிச்சமாவது சில்லறை. பக்கத்து நோடின் செய்தியையும் கடத்த வேண்டியிருப்பதால் ரேடியோ ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எஸ்எக்ஸ்1276 என்ற லோரா ரேடியோ சிப் கேட்கும்போது சுமார் 11 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2600 எம்ஏஹெச் செல் இதற்கு மட்டுமே பத்து நாளில் காலி.

எல்லா நோடும் ஒன்றாக விழித்து ஒன்றாகத் தூங்கட்டும். 5 நிமிடத்துக்கு 4 விநாடி விழிப்பு போதும். அப்போது போர்டு 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் சராசரி 0.7தான், கணக்குப்படி ஐந்து மாதம் ஓடும்.

நோடை இயக்கும் ஈஎஸ்பி32 சிப்பின் உள் கடிகாரத்தை இதற்கு நம்பாதீர்கள். சூட்டுக்கு அது விலகும். 2 சதவீதம் விலகினாலே 5 நிமிடத்தில் 6 விநாடி. ஒன்று விழிக்கும்போது அடுத்தது தூங்கியிருக்கும். டிஎஸ்3231 என்ற தனிக் கடிகார மாட்யூல் நாளுக்கு அரை விநாடிகூட விலகாது. அதன் அலாரம் பின் (pin) மூலம் போர்டை எழுப்புங்கள், தினமும் ஒருமுறை எல்லா நோடின் செய்தியும் போய்ச்சேரும் கேட்வேயிலிருந்து நேரம் அனுப்புங்கள்.

அடுத்த ஓட்டை போர்டிலேயே இருக்கிறது. டேட்டாஷீட்டில் தூக்கத்துக்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்றிருக்கும். ரிச்சி தெருவில் வாங்கிய டெவ் போர்டை அளந்தால் 5 மில்லியைத் தாண்டலாம். பெரும்பகுதி ஏஎம்எஸ்1117 வோல்டேஜ் ரெகுலேட்டர் தின்பது, மீதி பவர் எல்இடி. அப்படியே விட்டால் ஐந்து மாதம் பதினெட்டு நாளாகச் சுருங்கும். இரண்டையும் கழற்றிவிட்டு எம்சிபி1700 ரெகுலேட்டர் போடுங்கள். அது 250 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். வைஃபை ஓடினால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும், ஆகவே வைஃபையை ப்ரோகிராமிலேயே அணைத்துவிடுங்கள். தூங்கப் போகுமுன் லோரா சிப்பையும் தனியாக ஸ்லீப்பில் போட வேண்டும். மறந்தால் போர்டு தூங்கும், ரேடியோ தூங்காது.

அளக்கும்போது ஒரு சிக்கல்: மல்டிமீட்டரை மைக்ரோ ரேஞ்சில் வைத்து ஆன் செய்தால் மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து போர்டு எழாது. மீட்டரின் இரு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து வைத்து, போர்டு தூங்கியபின் ஒயரை எடுத்துப் பாருங்கள்.

ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (தூரம் எட்ட லோரா செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு) ஒரு படி ஏற்றினால் அனுப்பும் நேரம் ஏறத்தாழ இருமடங்கு. செய்தி போய்ச்சேரும் மிகக் குறைந்த படியில் வையுங்கள். கேட்வேக்கு அடுத்த நோடு எல்லோர் சுமையையும் தூக்குவதால் அதுதான் முதலில் சாகும், அதற்கு மட்டும் இரண்டு செல்லை பேரலலாகக் கொடுங்கள்.

எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஆன்டெனா கனெக்டர் பச்சை பிடிக்கும். சிக்னல் தேய்ந்து, ஒரே செய்தியை மூன்று நான்கு தரம் அனுப்பியே செல் தீரும். மாட்டிய அன்றே ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றிவிடுங்கள்.