அறைக்குள் மிளகாய்: விளக்கொளியில் விதை முதல் பறிப்பு வரை

முதல் தடவை அறைக்குள் மிளகாய் வைத்தபோது ஜன்னல் ஓரம் போதும் என்று நம்பினேன். செடி மூன்றடி உயரம் போனது. தண்டு பென்சில் பருமன்கூட இல்லை, கண்ணாடிப் பக்கமே சாய்ந்து நின்றது. நான்கு மாதத்தில் கிடைத்தது ஏழே ஏழு காய். உரத்தை மாற்றினேன், தொட்டியை மாற்றினேன், தண்ணீரைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன். செடிக்குப் பற்றாமல் போனது வெளிச்சம் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அறைக்குள் எவ்வளவு காய்க்கும் என்பதை முதலில் விளக்குதான் தீர்மானிக்கிறது. தண்ணீரும் உரமும் அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி பின்னால் வருபவை. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது உரத்தைக் கூட்டினால் செடி அதை எடுத்துக்கொள்ளாது. உப்பு தொட்டியிலேயே தங்கி வேரைக் கருக்கும்.

படி 1: விளக்கு

வெளிச்சத்தை அளப்பதில் நம் கண்ணை நம்ப முடியாது. நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் அறையில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெட்டவெளியில் உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் அளவுக்குப் போகும். கண் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடுகிறது. இலைக்கு அந்த வசதி இல்லை.

செடி பயன்படுத்தும் ஒளியை மைக்ரோமோல் கணக்கில் சொல்வார்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது. அதற்கான கருவி விலை கூடியது. தொடங்குபவருக்குக் கைபேசியில் இருக்கும் லக்ஸ் செயலியே போதும். வெள்ளை எல்.இ.டி. விளக்காக இருந்தால், வரும் லக்ஸ் எண்ணை 67ஆல் வகுங்கள். தோராயமான மைக்ரோமோல் அளவு கிடைக்கும். கைபேசியைச் செடியின் உச்சி இருக்கும் உயரத்தில் வைத்து, உணரி விளக்கைப் பார்க்கும்படி அளக்க வேண்டும்.

மிளகாய்க்கு வேண்டிய அளவு இது. நாற்றுப் பருவத்தில் 150 மைக்ரோமோல், அதாவது சுமார் 10,000 லக்ஸ். இலை விடும் பருவத்தில் 300, சுமார் 20,000 லக்ஸ். பூவும் காயும் வரும்போது 400 முதல் 500, அதாவது 27,000 முதல் 33,000 லக்ஸ்.

தீவிரம் பாதிக் கணக்குதான், நேரம் மீதிப் பாதி. 400 மைக்ரோமோல் விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் மொத்தம் சுமார் 23 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). காய்க்கும் மிளகாய்க்கு நாளுக்கு 20 முதல் 30 மோல் கிடைத்தால் நல்ல விளைச்சலை எதிர்பார்க்கலாம். மிளகாய் பூப்பதற்குப் பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை. அதனால் விதை முளைத்த நாளிலிருந்து கடைசிப் பறிப்பு வரை அதே 16 மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம். மீதி 8 மணி நேரம் இருட்டு இருக்கட்டும். விளக்கைப் போட்டு அணைக்கும் வேலையை டைமரிடம் விட்டுவிடுங்கள். கையால் செய்தால் ஒரு நாள் மறக்கும்.

எத்தனை வாட் வாங்குவது? இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு, சுவரிலிருந்து உண்மையாக இழுக்கும் மின்சாரம் 80 முதல் 100 வாட் இருக்கும் நல்ல எல்.இ.டி. பலகை போதும். பெட்டியில் ‘1000 வாட்டுக்குச் சமம்’ என்று போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் உண்மை வாட்டைத் தேடிப் படியுங்கள். ஊதா நிற விளக்கைவிட 3000 முதல் 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) வெள்ளை விளக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். செடி இரண்டிலும் வளரும். ஆனால் ஊதா ஒளியில் இலை வெளுத்திருப்பதும் பூச்சி இருப்பதும் கண்ணில் படாது.

படி 2: இடம்

மூலை ஒன்று போதும். மூன்று பக்கமும் வெள்ளையாக இருந்தால் பக்கவாட்டில் சிதறும் ஒளி திரும்ப இலைக்கே வரும். கண்ணாடி மாட்ட வேண்டியதில்லை, பளபளப்பில்லாத வெள்ளைச் சுண்ணமே நன்றாக வேலை செய்கிறது.

விளக்கு எரியும்போது 22 முதல் 28 டிகிரி செல்சியஸ், அணைந்திருக்கும்போது 18 முதல் 21 டிகிரி. 32 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் அதே கதைதான். ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம். சிறிய மின்விசிறி ஒன்று கட்டாயம் வேண்டும். இலை மெல்ல ஆடும் அளவுக்குக் காற்று வந்தால் தண்டு தடிக்கும், பூஞ்சை ஒதுங்கும்.

மின்சாரமும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கப் போகின்றன. பிளக் இருக்கும் பலகையைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

படி 3: தொட்டியும் கலவையும்

ஒரு செடிக்கு 10 முதல் 12 லிட்டர் தொட்டி. அடியில் துளை இருக்க வேண்டும். கலவை: தென்னை நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் கால் பங்குக்குச் சற்று மேல், மீதி பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் கல்). தோட்டத்து மண்ணை அப்படியே உள்ளே கொண்டுவராதீர்கள். தொட்டியில் இறுகிவிடும், பூச்சி முட்டைகளும் கூடவே வரும்.

நார்க்கழிவைக் கழுவாமல் பயன்படுத்துவது தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. அதில் சோடியமும் பொட்டாசியமும் தங்கியிருக்கும். நீங்கள் பின்னால் கொடுக்கும் கால்சியத்தை நார் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். அதன்பின் கால்சியம் செடிக்குப் போய்ச் சேரும்.

படி 4: விதை

முதல் முறை வளர்ப்பவர்கள் சாதாரண நீள மிளகாய் வகையை எடுங்கள். 7 முதல் 14 நாளில் முளைக்கும். மிகக் காரமான, சுருங்கிய உருண்டைக் காய் வகைகள் முளைக்கவே மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும், பொறுமையைச் சோதிக்கும்.

விதையை ஒரு இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். குழித்தட்டில் ஒரு குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் நாற்றழுகல் வரும்: நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடித்தண்டு மெலிந்து படுத்திருக்கும். படுத்த நாற்று பிழைக்காது. கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து விதைப்பது நல்ல தடுப்பு.

முளை தலை நீட்டிய அன்றே விளக்கைப் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று நூல்போல் நீண்டுவிடும். முதலில் வரும் இரண்டு விதையிலைகளைச் சேர்க்காமல் நான்கு உண்மை இலை வந்ததும் சிறு தொட்டிக்கும், எட்டு இலை வந்து வேர் சுற்றத் தொடங்கியதும் பெரிய தொட்டிக்கும் மாற்றலாம்.

படி 5: நுனி கிள்ளுதல், முதல் பூ

மிளகாய் 8 முதல் 12 இலைக்குப் பிறகு தானாகவே ஆங்கில ‘Y’ போல இரண்டாகக் கிளைக்கும். அந்தக் கவட்டில்தான் முதல் பூ வரும். விளக்குக்குக் கீழே உயரம் குறைவு என்பதால், செடியைத் தாழ்வாகவும் அகலமாகவும் வைக்க ஆறாவது இலைக்கு மேல் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் கிளம்பும். காய்ப்பு ஓரிரண்டு வாரம் தள்ளிப்போகும். ஆனால் எல்லாக் கிளை நுனியும் ஒரே உயரத்துக்கு வருவதால் விளக்கின் ஒளி வீணாகாமல் பரவும்.

கிள்ளாமல் விட்டவர்கள் அந்தக் கவட்டுப் பூவையாவது எடுத்துவிடுங்கள். மனம் வராது, எனக்கும் வரவில்லை. அந்த ஒரு காயை விட்டுவைத்தால் சின்னச் செடி தன் உணவையெல்லாம் அதற்கே கொடுக்கும், கிளை விடுவது நின்றுபோகும். பெரிய தொட்டிக்கு மாற்றி மூன்று வாரம் வரை வரும் மொட்டுகளைக் கிள்ளிப் போட்ட செடியையும், போடாத செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தேன். கிள்ளிய செடி இரண்டு மாதத்தில் முந்திவிட்டது.

படி 6: தண்ணீரும் உரமும்

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தொட்டியின் கனம் கைக்குப் பழகிவிட்டால், வேறு கருவி தேவையில்லை. கனம் பாதியாகக் குறைந்ததும் நிறைய ஊற்றுங்கள், ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வெளியே வர வேண்டும். தேங்கும் உப்பு அப்படித்தான் போகும். தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.8 முதல் 6.5க்குள் இருக்கட்டும். மண்புழு உரம் முதல் மூன்று நான்கு வாரத்தைப் பார்த்துக்கொள்ளும். அதன்பின் வாரம் ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில்), லிட்டருக்கு 1 கிராம். மொட்டு தெரிந்ததும் பொட்டாசியம் கூடுதலாக வேண்டும்: ஒரு வாரம் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு 1 கிராம், மறுவாரம் கால்சியம் நைட்ரேட் 1 கிராம். கால்சியம் நைட்ரேட்டை மெக்னீசியம் சல்பேட்டோடு கெட்டியாகக் கரைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்குப் பயன்படாது. தனித்தனி நாளில் கொடுங்கள்.

அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைவு. லிட்டருக்கு 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டை இலைமேல் தெளிக்கலாம். காயின் நுனி பழுப்பாகி அமுங்கினால் கால்சியம் காய்க்குப் போகவில்லை என்று பொருள். தொட்டியில் கால்சியம் இருந்தும் இது வரும், தண்ணீர் ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் தேங்கியும் மாறி மாறி இருந்தால். கால்சியம் நீரோடுதான் மேலே ஏறும்.

படி 7: மகரந்தம்

பூ கொத்துக் கொத்தாக வந்தும் காய் பிடிக்கவில்லை என்று பலர் வருந்துவார்கள். மிளகாய்ப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன. வெளியில் காற்றும் தேனீயும் அதை அசைத்துவிடும். அறைக்குள் அந்த வேலை நம்முடையது.

விளக்கு எரியத் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனபின், பூ விரிந்திருக்கும்போது, கிளையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மின்சாரப் பல்துலக்கி இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பூக்காம்பில் ஒரு நொடி வைத்தால் இன்னும் நல்லது. மகரந்தம் தூளாக உதிர்வது தெரியும். தினமும் செய்ய வேண்டும். ஈரப்பதம் மிகுந்தால் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், உதிராது. அன்றைக்கு விசிறியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

படி 8: பூச்சி

அறைக்குள் பூச்சி குறைவு. ஆனால் ஒன்று வந்துவிட்டால் அதைத் தின்ன பொறிவண்டு வராது. வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். பிசுபிசுப்பு இருந்தால் அசுவினி. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கூடவே சில துளி காதி சோப்புக் கரைசல். விளக்கு அணைந்த பிறகே தெளியுங்கள், எரியும்போது தெளித்தால் இலை கருகும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்ததை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் மிளகாயையும் தாக்கும், வந்துவிட்டால் மருந்து கிடையாது.

படி 9: பறிப்பு

பெரிய தொட்டிக்கு மாற்றி 60 முதல் 80 நாளில் முதல் பறிப்பு. காய் முழு நீளம் வந்து, தொட்டால் கெட்டியாக, தோல் மினுமினுப்பாக இருந்தால் பச்சையாகப் பறிக்கலாம். சிவக்க விட்டால் இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். மொத்த எண்ணிக்கை கூட வேண்டுமானால் பச்சையாகவே ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். பழம் செடியிலேயே இருக்கும்வரை அடுத்த பூக்கள் காய் பிடிப்பது குறைகிறது.

இழுத்துப் பறிக்காதீர்கள், மிளகாய்க் கிளை சட்டென்று முறியும். காம்போடு கத்தரியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் விதையில் உண்டாவதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. கையில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு.

வற்றலுக்கு முழுதாகச் சிவந்த பழம் மட்டும். உலர்த்தும் பெட்டியில் 50 முதல் 55 டிகிரியில், ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் கேட்கும்வரை உலர்த்துங்கள். வளைத்தால் உடைய வேண்டும். ரப்பர்போல வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும்.

காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். மிளகாய் பல ஆண்டு வாழும் செடி. ‘Y’ கவட்டுக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்யுங்கள். மேல் கலவையில் இரண்டு விரற்கடை எடுத்துவிட்டுப் புது மண்புழு உரம் போடுங்கள். விளக்கை 20,000 லக்ஸுக்குக் குறைத்து, தண்ணீரையும் குறையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பழைய தண்டின் கணுக்களில் புதுத் துளிர் வரும். துளிர் நான்கு இலை விட்டதும் படி 6லிருந்து மறுபடி தொடங்கலாம்.