செயற்கைக்கோள் வரைபடத்தில் புவித்தட்டு எல்லைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

கூகுள் எர்த்தைத் திறந்ததும் நிலத்தை விட்டுவிட்டுக் கடலடியைப் பாருங்கள், புவித்தட்டுகளின் (பூமியின் மேலோடு பிரிந்திருக்கும், மெதுவாக நகரும் பெரும் பாறைத் துண்டுகளின்) எல்லைகள் அங்கேதான் பளிச்சென்று தெரியும். அட்லாண்டிக்கின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் நீண்ட மலைத்தொடர்தான் தட்டுகள் விலகும் இடம். உருகிய பாறை மேலேறி உறைந்து அங்கே புதுத் தரையாகிறது. அதே தொடர் ஐஸ்லாந்தில் கடலுக்கு மேலேயே வந்துவிடுகிறது.

அப்புறம் தென் அமெரிக்காவின் மேற்குக் கரை. கரையை ஒட்டிக் கருநீலக் கோடாக ஓர் அகழி, அதற்கு இணையாக எரிமலைகளோடு ஆண்டீஸ். இந்த ஜோடியைப் பார்த்தாலே ஒரு தட்டு இன்னொன்றின் கீழே புகுகிறது என்று சொல்லிவிடலாம். எரிமலையை மட்டும் நம்பாதீர்கள், ஹவாய் தட்டின் நடுவில் இருக்கிறது. இமயமலை கண்டங்களே மோதிய இடம்.

உரசிச் செல்லும் எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் வாலஸ் க்ரீக் என்று தேடி நன்றாகப் பெரிதாக்குங்கள்: குன்றிலிருந்து இறங்கி வரும் ஓடை, பிளவைத் தொட்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, சுமார் 130 மீட்டர் பிளவோடேயே போய், மறுபடி பழைய திசைக்கே திரும்பும். ஏறக்குறைய 3,700 ஆண்டுகளில் நிலம் நகர்ந்த தூரம் அது. சந்தேகம் இருந்தால் நிலநடுக்க வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், புள்ளிகள் வரிசைகட்டி நின்றால் பெரும்பாலும் எல்லைதான்.