ஹ்யூமனிஸ்ட் சான்ஸ் எழுத்துருக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனையில் குறுக்குக்கோடு இல்லாத (சான்ஸ்) ஆங்கில எழுத்துரு எல்லாம் ஒரே ரகம் என்று எடுத்துக்கொள்வதில்தான் முதல் சறுக்கல். ஃபியூச்சுரா காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்தது போல இருக்கும். ஹெல்வெடிகாவில் சிறிய ‘சி’, ‘ஈ’, ‘எஸ்’ ஆகியவற்றின் வாய் உள்பக்கம் மடிந்து கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். ஹ்யூமனிஸ்ட் வகையில் பெரிய எழுத்துகளின் அகலம் ரோமானியக் கல்வெட்டுகளை ஒட்டியது: ‘ஈ’, ‘எஸ்’ ஒடுங்கியும் ‘ஓ’, ‘எம்’ அகன்றும் நிற்கும். சிறிய எழுத்துகளில் பேனா ஓடிய கையின் சாயல் இருக்கும். வாய் நன்றாகத் திறந்திருக்கும். பாரிஸின் சார்ல்ஸ் த கோல் விமான நிலையப் பலகைகளுக்காக ஏட்ரியன் ஃப்ருட்டிகர் வரைந்த எழுத்து இந்த வகைதான். 1976இல் அவர் பெயரிலேயே அது விற்பனைக்கு வந்தது.

பலகைக்குப் பொருந்தியது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நம்பினால் அடுத்த வம்பு. இதே வகையைச் சேர்ந்த கில் சான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் எரிக் கில் மோனோடைப் எழுத்துரு நிறுவனத்துக்கு வரைந்தது. தலைப்புக்கும் புத்தக அட்டைக்கும் இன்றும் அழகு குறையவில்லை. ஆனால் அதில் பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் 1 மூன்றும் வெறும் செங்குத்துக் குச்சிகள். ₹111 என்று விலை போட்டால் மூன்று கம்பம் நட்டது போலத் தெரியும். ஐஎஃப்எஸ்சி குறியீடு, வைஃபை கடவுச்சொல், மருந்துப் பெட்டியின் பேட்ச் எண் போன்றவற்றை இதில் அச்சடித்தால் படிப்பவர் ஊகித்துத்தான் தீர வேண்டும். இத்தனைக்கும் கில்லின் ஆசிரியர் எட்வர்ட் ஜான்ஸ்டன், 1916இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு வரைந்த எழுத்தில், சிறிய ‘எல்’லின் அடியில் ஒரு வளைவு கொடுத்திருந்தார். மாணவர் அதை விட்டுவிட்டார். குறியீடு வரும் இடங்களில் வெர்டானா, டஹோமா, நோட்டோ சான்ஸ் மூன்றில் ஒன்றை வையுங்கள். இவற்றின் பெரிய ‘ஐ’க்கு மேலும் கீழும் குறுக்குக்கோடு உண்டு. எந்த எழுத்துருவை வாங்கும் முன்பும் பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் 1 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டிப் பாருங்கள்.

அளவிலும் ஏமாறுவார்கள். பாயிண்ட் எண் ஒன்றாக இருந்தால் எழுத்தின் உயரமும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை. காலிப்ரி 11 பாயிண்டில் சிறிய எழுத்துகளின் உயரம், ஏறக்குறைய வெர்டானா 9.5 பாயிண்டுக்குச் சமம். விசிட்டிங் கார்டில் காலிப்ரி 7 போட்டுவிட்டு ‘மங்கலாக இருக்கிறதே’ என்று அச்சகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. வெர்டானாவின் சிக்கல் நேர் எதிர். 1996இல் மேத்யூ கார்ட்டர் அதை வரைந்தது, அன்றைய குறைந்த பிக்சல் திரைகளில் சிறிய அளவில் படிப்பதற்காக. அதனால்தான் எழுத்துகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. அதையே ஆறடி ஃபிளெக்ஸில் ஏற்றினால் சொற்கள் கலகலத்துப் போகும். 2009இல் மரச்சாமான் நிறுவனமான ஐகியா ஃபியூச்சுராவிலிருந்து வெர்டானாவுக்கு மாறியபோது வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். 2019இல் அது நோட்டோ சான்ஸுக்குப் போனது. வேறு வழியில்லாமல் வெர்டானாவைப் பெரிதாக வைக்க நேர்ந்தால், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு நடுவேயான இடைவெளி) –10 முதல் –20 வரை குறையுங்கள்.

போலிச் சாய்வு, போலித் தடிமன் இரண்டும் கண்ணுக்குத் தப்பிவிடும். கில் சான்ஸின் உண்மையான சாய்வெழுத்தில் சிறிய ‘ஏ’ வடிவமே மாறி, மேல்வளைவு இல்லாத ஒற்றை மாடி ஆகும். ஓப்பன் சான்ஸிலும் அப்படியே. மேல்வளைவோடு அப்படியே சாய்ந்து நின்றால் மென்பொருள் தள்ளிவிட்டது என்று பொருள். (ஃப்ருட்டிகரின் பழைய பதிப்புக்கு இந்தச் சோதனை செல்லாது, அதன் சாய்வே நேரெழுத்தைச் சாய்த்ததுதான்.) எடை என்பது கோட்டின் தடிமன்: 400 சாதாரணம், 700 தடித்தது. இணையத்தில் 400 எடையை மட்டும் ஏற்றிவிட்டுத் தலைப்புக்கு 700 கேட்டால், பிரவுசர் தானே கோட்டைத் தடிக்க வைக்கும். தமிழில் இது இன்னும் மோசம்: ண, ஞ, ஐ போன்றவற்றின் உட்சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழில் 100 முதல் 900 வரை ஒன்பது எடைகள் இருக்கின்றன. வேண்டிய எடையையே ஏற்றுங்கள். சாய்வு மட்டும் அதில் கிடையாது. தமிழில் அழுத்தம் கொடுக்க எடையோ நிறமோ போதும்.

இரு மொழி இணையப் பக்கத்தில், பிரவுசர் முதலிலிருந்து தேடிப் பார்க்கும் எழுத்துருப் பட்டியலின் வரிசை முக்கியம். பல தமிழ் எழுத்துருக்களுக்குள்ளேயே ஆங்கில எழுத்துகளும் இருக்கும். தமிழ் எழுத்துருவை முதலில் எழுதினால் நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ஹ்யூமனிஸ்ட் எழுத்து திரைக்கே வராது. ஆங்கிலத்தை முதலிலும் தமிழை அடுத்தும் வையுங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.4 போதும்; கீ, மூ, ளு என்று மேலும் கீழும் நீளும் தமிழுக்கு 1.6 தேவை.

கில் சான்ஸ் பெரிய எழுத்துத் தலைப்புக்கு 5 சதவீதம் எழுத்து இடைவெளி அழகு சேர்க்கும். அதே ஸ்டைலைத் தமிழ்த் தலைப்புக்கும் போட்டுவிடாதீர்கள்: ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், துணைக்கால் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கக்கூடும். தமிழுக்குத் தனி ஸ்டைல் வைத்து இடைவெளியைப் பூஜ்ஜியமாக விடுங்கள். இரண்டையும் சேர்த்தே வரைந்த குடும்பம் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். எக் டைப்பின் முக்தா மலர், இந்தியன் டைப் ஃபவுண்ட்ரியின் ஹிந்த் மதுரை இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம்.